நாய்ப் புத்தகம்

அந்தப் புத்தகத்தை நாய் வளர்ப்பு அலுமாரியில் வைத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தைச் சொல்வது லேசு.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் இரவல் நூல்நிலையம். 2003இல் வேலைக்குச் சேர்ந்தேன். மேல்மாடி ஒன்று, எட்டு இரும்பு அலுமாரி, மூன்று மர அலுமாரி, ஐயா என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி, நான். கரையோர ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி சலசலக்கும். உப்புக்காற்றில் பழைய சஞ்சிகைகளின் கம்பிப் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்று விழும். கோந்துப் போத்தலும் தூரிகையும் எப்போதும் என் மேசையில் இருக்கும்.

புத்தகம் வருவது பெரும்பாலும் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளிலிருந்து. வயதானவர்களுக்கு அது இன்னமும் மக்கலம் றோட். ஐயா மாதத்தில் ஒரு நாள் மருதானைப் பக்கம் போய் இரண்டு பெட்டி ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்குவார். அன்று முழுக்க எனக்கு இலக்கம் போடுகிற வேலை. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து இலக்கம் போடுகிற தூயி தசமப் பகுப்பில் ஐயாவுக்குப் பைத்தியம். நாலாயிரம் புத்தகம் உள்ள இடத்துக்கு அவ்வளவு தேவையா என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

2011இல் வந்த ஒரு பெட்டியில் தடித்த ஆங்கில நாவல் ஒன்று கிடந்தது. 'டூ சே நத்திங் ஒஃப் த டோக்'. மழைக்காலம், மின்சாரம் போய்ப் போய் வந்த நாள், இன்னும் நாற்பது புத்தகம் பாக்கி. தலைப்பில் நாய் இருந்தது. 636.7 என்று எழுதி, அல்சேஷன் பராமரிப்புக்கும் மிருக வைத்தியக் கையேட்டுக்கும் நடுவில் செருகிவிட்டேன். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது.

கடைசியில் அதை எடுத்துப் போனவர் பம்பலப்பிட்டியில் மாடிவீட்டில் இருக்கிற ஒரு அன்ரி. புதிதாகப் பொமரேனியன் குட்டி வாங்கியிருந்தார். நாலாம் நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இதில நாய் நெடுகப் படுத்துக் கிடக்குது. எப்பிடிப் பழக்கிறதெண்டு ஒரு வசனமும் இல்லை. அதைவிட, அந்தப் பெடியன் ராவில ஒருத்தருக்கும் தெரியாமல் நாயை மேல கொண்டுபோய்க் கட்டிலில படுக்க விடுறான். அப்பிடிச் செய்தால் பழகிப்போகுமெல்லே?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனால் கதை நல்ல கதை. இன்னும் ஒரு கிழமைக்குப் போட்டுத் தாரும்" என்றார்.

அந்த நாவல் பற்றி எங்கள் மேசையில் பதிவான முதல் வாசகர் கருத்து அதுதான். அன்றே இலக்கத்தை அழித்து, அமெரிக்கப் புனைகதைக்குரிய 813 என்று மாற்றினேன். எழுதிய கொனி வில்லிஸ் அமெரிக்காக்காரி. கதை முழுக்க இங்கிலாந்தில் நடந்தாலும் ஐயாவின் சட்டப்படி எழுதியவருடைய நாடுதான் கணக்கு. அப்புறம் வீட்டுக்கு எடுத்துப் போய் நானும் வாசித்தேன்.

கதை 2057இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் தொடங்குகிறது. காலப் பயணம் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் பழைய காலத்திலிருந்து எதையும் எடுத்துவர முடியாது என்று தெரிந்ததும், காசு பார்க்க நினைத்தவர்கள் எல்லாம் கைகழுவிவிட, அது சரித்திரம் படிக்கிறவர்களின் கையில் தங்கிவிடுகிறது. லேடி ஷ்ராப்னெல் என்று ஒரு சீமாட்டி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்த கொவென்றி தேவாலயத்தை ஒரு மயிரிழை பிசகாமல் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இருந்த ஒரு பூச்சாடி அன்றிரவு அங்கே இருந்ததா இல்லையா என்று தெரிய வேண்டும். பார்க்கச் சகிக்காத பூச்சாடி. அதைத் தேடித்தான் படித்த மனிதரையெல்லாம் காலம் காலமாக விரட்டுகிறாள். கதாநாயகன் நெட் ஹென்றி போய்ப் போய் வந்து களைத்து, காது சரியாகக் கேட்காமல், காண்பதற்கெல்லாம் உருகுகிற நிலைக்கு வந்துவிடுகிறான். அவனை ஓய்வுக்கென்று 1888க்கு அனுப்புகிறார்கள். போகிற வழியில் ஒரு சின்ன வேலையும் கொடுத்துவிடுகிறார்கள். என்ன வேலை என்று சொன்னது களைப்பில் அவன் மூளையில் ஏறவில்லை. தேம்ஸ் நதியில் படகோட்டிக்கொண்டு, தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்று தெரியாமலே திரிகிறான்.

இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். எந்தக் கந்தோரிலும் ஒரு வருடம் வேலை செய்தவருக்கு நெட் ஹென்றியைத் தெரியாமல் இருக்காது.

பிறகு அதை நானே ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு ஆங்கில அறிவியல் புனைகதை என்றால் ஒரு பெயர்தான். ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இலங்கையில் குடியிருந்தவர், 2008இல் கொழும்பிலேயே காலமானவர், பான்ஸ் பிளேஸில் அவருடைய வீட்டைக் கடந்து பஸ்ஸில் போனதாக ஆளுக்கொரு கதை இருக்கும். ஆகவே காலப் பயணம் என்றதும் விண்கலம், கணக்கு, பெரிய தத்துவம் என்று எதிர்பார்த்து எடுத்துப் போவார்கள். உள்ளே பூச்சாடியும், நாயும், தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையும் இருக்கும்.

கோட்டையில் உலக வர்த்தக மையத்தில் மென்பொருள் வேலை செய்கிற தம்பி ஒருவர் இரண்டு நாளில் வந்தார். கையில் கொப்பித்தாள். அதில் யார் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குப் போனார்கள் என்று அம்புக்குறி போட்டுக் கீறியிருந்தார். 2057இலிருந்து 1888, 1940, திரும்ப 2057, இடையில் ஒரு சறுக்கலில் மத்தியகாலம். "அக்கா, இது சரியா ஓடுது. காலத்துக்குத் தன்ர பிழையைத் தானே திருத்திற குணம் ஒண்டு வைச்சிருக்கிறா. பிழை வரப்போகுதெண்டால் போறவனை வேற இடத்தில, வேற நேரத்தில இறக்கி விட்டிடும். ஆனால் நூற்றைம்பது பக்கத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை." அந்த நூற்றைம்பது பக்கத்தையும் வாசித்தீர்களா என்று கேட்டேன். "விட ஏலேல்லை" என்று சிரித்தார்.

கணக்காளர் ஒருவர் நாற்பத்தேழாம் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் திருப்பித் தந்தார். எப்படித் தெரியும் என்றால், அந்தப் பக்கத்தில் அவருடைய 100ஆம் இலக்க பஸ் ரிக்கெற் இருந்தது. "பகிடிப் புத்தகம் எண்டு சொன்னீங்கள், பகிடி எங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதில் பகிடி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எல்லாரும் மிகுந்த மரியாதையோடு, மிகுந்த அவசரத்தோடு, தவறான காரியத்தைச் செய்துகொண்டே இருப்பார்கள். அது சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு ஆயாசம்.

ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவருக்கு வேறு குறை. தலைப்பே 1889இல் வந்த ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' நாவலின் துணைத்தலைப்பு என்பதை அட்டையைப் பார்த்த உடனேயே சொன்னவர் அவர். அதில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகப் படிப்பித்தவராம். நெட் ஹென்றி நதியில் போகும்போது அந்த மூன்று பேரையும் நாயையும் தூரத்தில் காண்கிற இடத்தை வாசித்துவிட்டு எழும்பி நடந்தேன் என்றார். "பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி இருந்தது பிள்ளை. ஆனால் அந்தச் சாமான் விற்பனை இவ்வளவு தேவையில்லை. அரைவாசியை வெட்டியிருப்பன்." சிவப்புப் பேனை கையில் இல்லாததுதான் குறை.

நான் மட்டும் அந்தச் சாமான் விற்பனையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு ஊரே கூடி, ஒருவருக்கும் வேண்டாத பொருட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி அடுத்த வருடம் அதே விற்பனைக்குத் திருப்பிக் கொடுப்பது, பழைய புத்தகக் கடையிலிருந்து பெட்டி இறக்குகிறவளுக்கு எப்படி அலுக்கும்?

ஒரு இளம் தாய் பூனைக்காக மட்டும் வாசித்தார். அந்த எதிர்காலத்தில் பூனை இனமே அழிந்துபோயிருக்கும். கடந்த காலத்துக்குப் போன ஒரு பெண், வரக்கூடாத பூனை ஒன்றைக் கொண்டுவந்துவிடுவாள். குழப்பம் எல்லாம் அதிலிருந்துதான். பூனை வராத பக்கங்களைத் தாண்டித் தாண்டி வாசித்ததாக அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "நல்லாயிருந்தது", "சுவாரசியம்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை விட எனக்கு இவரைப் பிடிக்கும். அவருக்கு வேண்டியது பூனை, அதை எடுத்துக்கொண்டார், மிச்சத்தைப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டார்.

இவ்வளவும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவை. மேசையில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது திகதி முத்திரை. மரப்பிடி, கீழே நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்குமாக ரப்பர் பட்டிகள். காலையில் வந்ததும் ஊதுபத்தி கொளுத்துவது ஐயா, பட்டியை ஒரு பல் உருட்டுவது நான். விரல்நுனி ஊதாவாகாத நாள் கிடையாது. இரண்டு வாரத்துக்கு அப்பாலுள்ள ஒரு நாளைப் புத்தகத்தின் கடைசித் தாளில் குத்துவேன், வாசகர் அந்த நாளில் திரும்பி வருவார். கொஞ்சம் யோசித்தால் இதுவும் ஒரு மாதிரியான காலப் பயணம்தான் என்று தம்பி ஒருநாள் சொன்னார். அவர் சொன்னது பகிடிக்கு. எனக்கு 2007 ஜனவரி ஞாபகம் வந்தது.

அந்த ஜனவரி 2ஆம் திகதி நாளை உருட்டும்போது ஆண்டுப் பட்டியும் ஒரு பல் பின்னே சறுக்கியதை நான் கவனிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் '2006 ஜனவரி 16' என்று குத்திக் கொடுத்தேன். முப்பத்தொரு புத்தகம். 16ஆம் திகதி ஒருவர் புத்தகத்தோடு வந்து, மிக அமைதியாக, "நான் இன்றைக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் தாமதம். ஒரு நாளைக்கு இரண்டு ரூபா. எழுநூற்று முப்பது ரூபா தண்டம். ரசீது தருவீங்களோ?" என்று கேட்டார். ஐயா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு கிழமை அந்த முப்பத்தொரு பேரையும் தொலைபேசியில் பிடித்து விளக்கம் சொன்னேன். ஒருவர் மட்டும், "பரவாயில்லை, அந்த வருசத்தில நான் கொஞ்சம் நல்லா இருந்தனான்" என்றார்.

ஐயாவுக்கு என்னைத் திட்ட அவ்வளவு தகுதி இல்லை என்பது என் எண்ணம். சுவர்மணிக்கூட்டுக் கதை அப்படி. 1996இல் மழையில்லாமல் நீர்மின் நிலையங்கள் காய்ந்து மின்வெட்டு வந்தபோது, வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே மாதத்தில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. நாடு முழுவதும் புதிய நேரம், பழைய நேரம் என்று பேச்சு. கலியாண அழைப்பிதழிலும் அச்சடித்தார்கள். ஐயா நூல்நிலையத்து மணிக்கூட்டைத் தொடவில்லை. "நேரத்தை மாத்தினவை திரும்ப மாத்துவினம்" என்றாராம். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் மணிக்கூடு ஊரைவிட அரை மணி பின்னே ஓடியது. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்து ரயிலை விட்டவர்கள் பலர். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி நாடு பழையபடி அரை மணி பின்னே வந்தது. பத்து வருடம் பிழையாக ஓடிய மணிக்கூடு ஒருவரும் தொடாமலே சரியாகிவிட்டது. அன்று ஐயா வாசகர்களுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கதையை நாவல் வாசித்தவர்களுக்குச் சொன்னால் உடனே ஆளுக்கொரு கதை வரும். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரம்தான் ஓடியது. சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையைக் கடந்தால் கையிலுள்ள மணிக்கூட்டை அரை மணி திருப்ப வேண்டும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போன ஒருவர், அந்தச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நேரத்தையும் கழித்தால் தான் புறப்பட முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினார். ஐயா இன்னும் பின்னே போவார். 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமி என்று மாதத்தில் நாலு தரம் வருகிற போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் விடுமுறை. சந்திரன் கணக்கென்றபடியால் வாரம் சில தரம் ஏழு நாள், சில தரம் எட்டு நாள். "நான் எட்டு நாள் கிழமையில வேலை செய்தவன். அந்தப் பொம்பிளை எழுதினது எனக்குப் புதினமில்லை" என்பார். நாவலை அவர் முழுதாக வாசித்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

சரி, இனி மாஸ்டருக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். மகனோடு கொழும்புக்கு வந்து தங்கியிருக்கிறார். எழுபது தாண்டியவர், வெள்ளைச் சேர்ட், கையில் குடை. எங்கள் நூல்நிலையத்தில் ஒரு நாள்கூடப் பிந்தி வந்தது கிடையாது. மழையென்றாலும் பொலித்தீன் பையில் புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு குறித்த திகதிக்கு வந்துவிடுவார். அவருக்கு ஆங்கில நாவல் அவ்வளவு பழக்கமில்லை. நாய்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான், அவருக்குக் கணக்குப் பிடிக்கும் என்று நினைத்து.

இரண்டு வாரம் கழித்து வந்தார். வழக்கமாக மேசையில் வைத்துவிட்டு அலுமாரிப் பக்கம் போகிறவர் அன்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

இந்த இடத்தில் கதையின் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடந்த காலத்திலிருந்து எதையும் கொண்டுவர முடியாது என்ற சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று கடைசியில் தெரியவரும். எப்படியும் அழிந்துவிடப்போகும் பொருளை எடுத்துவரலாம். நெருப்பு அதைத் தின்றுவிடப்போகிறது என்றால் காலத்துக்கு அதனால் இனி ஒரு வேலையும் இல்லை, தடுக்காது. கொவென்றியில் எரிந்ததாக நினைத்தவை அப்படித்தான் திரும்பி வருகின்றன.

"எரியப்போறதை எடுக்கலாம் எண்டு சொல்லுறா" என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர்."

"அப்ப ஆரையாவது அனுப்பச் சொல்லுங்கோ. 81, மே 31, ஞாயிற்றுக்கிழமை, இரவு. லொறி ஒண்டு காணாது. தொண்ணூற்றேழாயிரம்."

எந்த நூலகம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரயில் ஒன்று போய் அலுமாரிகள் ஆடி ஓயும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அவர் ஏடுகளைப் பற்றிப் பேசுவார், பழைய பத்திரிகைத் தொகுப்புகளைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"நான் அங்க எடுத்த புத்தகம் ஒண்டு வீட்டில இருந்தது. வான சாஸ்திரம். சனிக்கிழமை திருப்பிக் குடுக்கிற திகதி. பாதிதான் வாசிச்சு முடிச்சிருந்தனான். தண்டப்பணத்துக்குப் பயந்து சைக்கிள்ள கொண்டுபோய்க் குடுத்தனான்." கொஞ்ச நேரம் குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சோம்பேறியள் வைச்சிருந்த புத்தகம் எல்லாம் தப்பிச்சுது."

நான் கையிலிருந்த முத்திரையை மைப்பெட்டியில் வைத்துவிட்டேன். தண்டப்பணம் வாங்குகிறவள் என்ன சொல்வது. அவரே பேச்சை மாற்றினார். எரிந்த தேவாலயத்தைச் சீமாட்டி ஒரு ஆணிகூட மாறாமல் கட்டுகிற பகுதி தனக்குச் சிரிப்பு வரவில்லை என்றார். யாழ்ப்பாணத்தில் கட்டடத்தை அப்படியே வெள்ளையாகத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள், போனால் படியேறி உள்ளே போவேன், அலுமாரியைப் பார்ப்பேன், வந்துவிடுவேன் என்றார். பிறகு, "நாய் நல்ல நாய்" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

பகிடிக் கதை என்று கொடுத்த புத்தகத்தை இப்படி ஒருவர் வாசித்துக்கொண்டு வருவார் என்று எந்த இலக்கத்தைப் பார்த்து நான் அறிவேன்? அதற்குப் பிறகு புத்தகம் திரும்பி வரும்போது பிடித்ததா என்று நான் கேட்பதில்லை. கதிரையை ஒன்று மேசைக்குக் கிட்டப் போட்டு வைத்திருக்கிறேன். இருக்கிறவர்கள் இருப்பார்கள்.

தண்ட விஷயத்திலும் என் கை கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஐயாவுக்குத் தெரியாது. ஒரு கிழமை, பத்து நாள் பிந்தினால் முத்திரைப் பட்டி சறுக்கிவிட்டது என்று கொப்பியில் எழுதிவிடுவேன். 2007 ஜனவரிக்குப் பிறகு நான் அப்படிச் சொன்னால் நம்பாமல் இருக்க ஒருவருக்கும் நியாயமில்லை.

சென்ற வருடம் மாஸ்டர் அந்தப் புத்தகத்தை இரண்டாம் தரம் கேட்டார். கடைசித் தாளில் இடமில்லை. புதுத் தாள் வெட்டி ஒட்டி, கோந்து காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்து, முதல் திகதியைக் குத்திக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வரவில்லை. ஒரு மாதத்திலும் வரவில்லை. ஏதும் சுகமில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்க, ஒரு நாள் மாலை மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி குந்தில் இருக்கிறார். என்னைக் கண்டதும் குடையைத் தூக்கிக் காட்டினார். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போன கிழமை ஐயா அலுமாரிக் கணக்கெடுத்தார். 813இல் ஒரு இடைவெளி.

"அந்த நாய்ப் புத்தகம் எங்க?"

"வெளியில இருக்கு ஐயா."

"திகதி?"

"இன்னும் இருக்கு" என்றேன்.